பெட்டியின் அடிப்பலகைக்கு ஏன் பசை போடக் கூடாது?

(காட்சி: மேசை மீது ஒரு தேக்குப் பெட்டி. அதன் அடிப்பலகையில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு.)

வணக்கம். நீங்கள் பார்ப்பது நான் முதன்முதலாகச் செய்த அஞ்சறைப் பெட்டி. இடித்த வீடு ஒன்றின் பழைய கதவு நிலையிலிருந்து அறுத்தெடுத்த தேக்கு இது. நான்கு மூலைகளும் இன்றுவரை மயிரிழைகூட விலகவில்லை. ஆனால் ஐப்பசி மழையில் செய்து முடித்த இதன் அடிப்பலகை, அடுத்த சித்திரை வெயிலில், யாரும் தொடாமலே பிளந்துவிட்டது. தவறு மரத்தில் இல்லை, நான் பசை போட்ட இடத்தில் இருந்தது.

மரத்தை வெட்டி, உலர்த்தி, இழைத்து, பாலிஷ் போட்ட பிறகும், அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. பழைய மரம், இனி அசையாது என்று பலரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். மழைக்காலத்தில் இறுகி, கோடையில் தளர்ந்துவிடும் வாசற்கதவு எத்தனை ஆண்டானாலும் அப்படியேதான் இருக்கிறது என்பதை அப்போது யோசிக்கவில்லை.

(காட்சி: பலகையின் முனை, மிக நெருக்கத்தில். வளைந்து செல்லும் ஆண்டு வளையங்கள்.)

இந்த வளையங்களைக் கவனியுங்கள். பச்சைத் தேக்கு முழுவதும் உலரும்போது, வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 சதவீதமும், மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏறத்தாழ 2.5 சதவீதமும் சுருங்குகிறது. நீளவாக்கில் சுருங்குவது கணக்கில் எடுக்க வேண்டாத அளவு. வேறு பல மரங்களைவிட இது குறைவு என்பதால்தான் கதவுக்கும் பெட்டிக்கும் தேக்கைத் தேடுகிறோம். ஆனாலும் 20 செ.மீ. அகலப் பலகையின் ஈரப்பதம் 14 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கினால், வளையங்களின் போக்கில் அறுத்த பலகை ஒன்றரை மி.மீ. வரை குறுகும்.

என் பெட்டியில் அடிப்பலகையின் இழை, அதாவது மர நார்களின் போக்கு, நீளவாக்கில் ஓடுகிறது. அதன் அகலத்தைப் பசையோடு பிடித்திருந்தவை இரண்டு குட்டைப் பக்கங்கள். அவற்றின் இழை அடிப்பலகையின் இழைக்குக் குறுக்கே ஓடுவதால், அவை நீளத்தில் குறையவே இல்லை. பலகை சுருங்க வேண்டும், பசையோ விடவில்லை; எனவே பலகை தன் இழை வழியே பிளந்துகொண்டது. மூலைகளில் நான் போட்டிருந்த, புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் புறாவால் மூட்டுகள் உறுதியாக நின்றதற்கும் இதே காரணம்தான்: நான்கு பக்கங்களின் இழையும் பெட்டியைச் சுற்றி ஒரே போக்கில் ஓடுவதால், உயரம் மாறினாலும் அவை சேர்ந்தே மாறுகின்றன.

(காட்சி: பக்கப்பலகையில் காடி எடுக்கும் கை, சுருண்டு விழும் சீவல்.)

இதற்கான தீர்வு காடி, அதாவது பலகையில் நீளமாகச் செதுக்கும் பள்ளம். பக்கப்பலகைகளின் உட்புறத்தில், கீழ் விளிம்புக்குச் சற்று மேலே, 5 மி.மீ. ஆழத்தில் ஒரு காடி எடுத்து, அடிப்பலகையின் ஓரத்தை அதற்குள் செருக வேண்டும். மழைக்காலத்தில் செய்கிறீர்கள் என்றால், பலகை ஏற்கெனவே விரிந்திருப்பதால், இரு பக்கமும் அரை மி.மீ. இடைவெளி போதும், கோடையில் செய்தால் ஒரு மி.மீ. விடுங்கள். பசை வேண்டுமென்றால், இழை முடியும் இரு முனைகளிலும் நடுவில் மட்டும் ஒரு சொட்டு வையுங்கள். பலகை நடுவைப் பிடித்துக்கொண்டு இரு பக்கமும் சமமாக அசையும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், ஒட்டும் இடத்தை அதற்குச் சற்று முன் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம்: வெளிப்புறத்துக்கு பாலிஷ் போடுவதாக இருந்தால், பெட்டியைப் பொருத்திச் சேர்ப்பதற்கு முன்பே பலகையின் ஓரம் வரை போட்டுவிட வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கும், சட்டத்துக்குள் பலகை செருகிய பானல் கதவுகளை, வெயில் காலத்தில் ஒருமுறை அருகே போய்ப் பார்த்தேன். சட்டத்தை ஒட்டி, பலகையின் ஓரத்தில், பாலிஷ் படாத வெளிர்ந்த கோடு ஒன்று நூல் அளவுக்குத் தெரிந்தது. மழைக்காலத்தில் சட்டத்துக்குள் ஒளிந்திருந்த பகுதி அது. அந்தக் கதவைச் செய்த தச்சர், பலகை அசைவதற்கு இடம் விட்டிருக்கிறார். அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் என் பெட்டி ஏன் பிளந்தது என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது.

அறைகளைப் பிரிக்கும் தடுப்புகளையும் அடிப்பலகையோடு ஒட்டக் கூடாது. மிளகும் சீரகமும் இருக்கப்போகும் உட்புறத்தில் நான் வார்னிஷ் எதுவும் பூசுவதில்லை.

(காட்சி: பழைய பெட்டி, திருத்திய பிறகு.)

பிளந்த பெட்டியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பொருத்தி முடித்த பெட்டிக்குள் காடி எடுக்க வழியில்லாததால், பிளந்த அடியை அறுத்தெடுத்துவிட்டு, உள்ளே கீழ் ஓரத்தில் மெல்லிய மரச்சட்டங்களான ரீப்பர்களை ஒட்டி, அவற்றின் மேல் புதுப்பலகையைப் பசையின்றி இறக்கி, அதற்கு மேல் இன்னொரு வரிசை ரீப்பர்களைப் பக்கங்களோடு மட்டும் ஒட்டினேன். இப்போது பெட்டியைக் குலுக்கினால், பலகை உள்ளே அசையும் மெல்லிய ஓசை கேட்கும்.