மீனை மல்லாத்திப் பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். புதுசா, பழசா என்று அதிலேயே தெரிந்துவிடும். மலை ஓடை மீன் கையில் கிடைத்தால் இன்னொரு வேலையும் செய்யுங்கள். மல்லாத்தி வயிற்றைப் பாருங்கள். எந்த மாதிரித் தண்ணீரில் வளர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில், தண்ணீர் நுரைத்து ஓடும் பாறைகளில் பார்க்கக் கூடிய மூன்று மீன்களைச் சொல்கிறேன். முதலாவது கர்ரா, கெண்டைக் குடும்பம். கீழுதட்டுக்குப் பின்னால் வட்டமாக ஒரு சதைத் தட்டு இருக்கும். அதைப் பாறையில் அழுத்தி ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது பவானியா, அயிரைக்குத் தூரத்துச் சொந்தம். வயிறு சப்பை, துடுப்புகள் இரண்டு பக்கமும் விசிறி மாதிரிப் படுத்திருக்கும். மூன்றாவது கிளிப்டோதொராக்ஸ், கெளுத்தி இனம். நெஞ்சுத் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். ரப்பர் செருப்பின் அடியில் வரிகள் இருக்குமே, அதே வேலைதான்.

மூன்றும் மூன்று குடும்பம், மூன்றுக்கும் ஒரே பிரச்சினை: அடித்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தில் வேலை பார்த்த சுந்தர் லால் ஹோரா 1930இல் இந்த ஒட்டும் உறுப்புகளைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். மீன் மட்டுமல்ல, இமயமலை ஓடைகளில் ஒருவகைத் தவளையின் தலைப்பிரட்டைக்குக்கூட வயிற்றில் உறிஞ்சு தட்டு உண்டு.

சரி, சப்பையாக இருந்தால் என்ன லாபம்? வீட்டு மின்விசிறியை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு வேகமாகச் சுற்றியும் இறக்கையில் தூசி படிந்துதானே இருக்கிறது? இறக்கையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் காற்று அதனோடு சேர்ந்தே சுற்றுகிறது, தூசியைத் தள்ளிவிடுவதில்லை. பாறையிலும் அப்படித்தான். மேலே தண்ணீர் பாய்ந்தாலும் கல்லை ஒட்டி வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். பவானியா அங்கேதான் குடியிருக்கிறது. மிதக்க உதவும் காற்றுப்பைகூட அதற்குச் சுருங்கிப்போய்விட்டது. அந்த ஓட்டத்தில் மிதந்தால் போச்சு.

அங்கிருந்து கொஞ்சம் கீழே ஒரு மடு வரும். அங்கே பக்கவாட்டில் பார்த்தால் அகலமான கெண்டைகள். தேங்கிய தண்ணீரில் சட்டென்று திரும்ப அந்த உடம்புதான் வசதி. மரம் கவிந்த இடத்தில் வாய் மேல்நோக்கிய சிறு மீன்கள், விழுகிற பூச்சிக்காகக் காத்திருக்கும். இன்னும் கீழே, சமவெளியில், தண்ணீர் சூடாகும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். தேங்கி அழுகினால் அதுவும் இருக்காது. அங்கே விரால் கவலைப்படாது. மேலே வந்து காற்றையே குடித்துவிட்டுப் போகும்.

“மீன் தன்னை மாற்றிக்கொண்டது” என்று பாடப்புத்தக பாணியில் சொல்வது எனக்குப் பிடிக்காது. எந்த மீனும் முடிவெடுத்து மாறவில்லை. ஓடை ஒரு சல்லடை. சலித்துச் சலித்து, தாக்குப்பிடித்ததன் வாரிசுகள் மிஞ்சின. அது லட்சக்கணக்கான வருடக் கதை. ஆனால் சல்லடையின் கண்ணை நாம் ஒரே வருடத்தில் மாற்றிவிடலாம், ஒரு தடுப்பணை போதும்.

ஓட்டம் நின்றதும் வண்டல் படியும். கர்ரா சுரண்டித் தின்னும் பாசி மூடிப்போகும், ஒட்டிக்கொள்ளக் கல்லும் இருக்காது. சரளைக் கல்லிடுக்கில் இட்ட முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். அப்புறம் யார் வருவார்கள்? 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த திலேப்பியா, நம்ம ஊர் ஜிலேபிக் கெண்டை. அதன் தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். வண்டல் அதை என்ன செய்யும்?

ஒருமுறை இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: “அணைக்கு அப்புறம் வலையில் மீன் அதிகமாகத்தானே விழுகிறது, என்ன குறைந்துவிட்டது?” நியாயமான கேள்வி. எடைபோட்டால் அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கும். கரையில் கொட்டியிருந்த குவியலைக் காட்டி, இதில் கல்லில் ஒட்டுகிற மீன் எத்தனை என்று எண்ணச் சொன்னேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாதிக் குவியல் தாண்டியும் ஒன்றுகூட அகப்படவில்லை.