நரைத்த பம்பரும் தேங்காயெண்ணெயும்

வணக்கம் நேயர்களே. திங்கள்சந்தைப் பக்கம் வண்டி கழுவிப் பாலிஷ் போடுகிற பட்டறை என்னுடையது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் தலைக்கும் தேங்காயெண்ணெய், மீன் பொரிக்கவும் தேங்காயெண்ணெய், அதனால் காரின் கறுப்பு பம்பர் நரைத்தாலும் கை முதலில் அந்த பாட்டிலுக்குத்தான் போகிறது. தேய்த்ததும் புதுசு மாதிரி மின்னும். அப்படியே முட்டம் கடற்கரை வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள், மணலும் தூசியும் அப்பி, அடுத்த மழையில் பழைய சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும்.

ஏன் நரைக்கிறது என்று கேட்டால் 'உப்புக்காத்துண்ணே' என்பார்கள். உப்பு தின்பது இரும்பை. பெயின்ட் அடிக்காத இந்தக் கறுப்புப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக், அதை நரைக்க வைப்பது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர். அது மேல்தோலைச் சிதைத்துக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்குகிறது, அதில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் வெளுப்பாகத் தெரிகிறது. சந்தேகமிருந்தால் நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள், அதன் அடியில் வெயில் படாத இடம் செவ்வகமாக, அட்டக்கறுப்பாக இருக்கும்.

நரைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றினாலும் கறுக்கும், காய்ந்ததும் வெளுக்கும். வெடிப்பைத் தண்ணீர் நிரப்புகிறது, அவ்வளவுதான். எண்ணெய் செய்வதும் அதே வேலைதான், என்ன, அது போகக் கொஞ்சம் நாளாகும்.

சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்னைக் காட்டினால் கறுப்பாகும் என்று நானும் ஒரு தடவை நம்பினேன். பாலிபுரொப்பிலீன் ஏறக்குறைய 160 டிகிரியில் உருகிவிடும், ஹீட் கன்னோ அதற்கு மேலே பல நூறு டிகிரி போகும். கொஞ்சம் தாமதித்துவிட்டேன், சொரசொரப்பெல்லாம் உருகி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம். என் சொந்த வேன்தான், நல்லவேளை! அந்த வட்டம் இன்னும் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? வேலையில் முக்கால்வாசி கழுவுவதில்தான் இருக்கிறது. ஷாம்பூ போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள், இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்த பாலிஷுக்குப் பழைய டூத் பிரஷ். நன்றாகக் காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் மிச்ச எண்ணெய்ப்பசையும் போய்விடும், அது போகாமல் மேலே எதைப் பூசினாலும் ஒட்டாது. அப்புறம் பக்கத்துப் பெயின்ட்டுக்கு டேப் ஒட்டிவிட்டு, பிளாஸ்டிக்குக்கென்றே விற்கிற, காய்ந்து கெட்டியாகிற பூச்சான செராமிக் கோட்டிங்கை நிழலில் வைத்து மெல்லிசாகப் பூசி, அதிகப்படியை மைக்ரோஃபைபர் துணியால் உடனே எடுத்துவிடுங்கள், விட்டால் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். அன்றைக்கு நனையக் கூடாது. ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை என்றிருக்கிற ஊர் இது, நாள் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். மினுமினுப்புக்காகத் தேய்க்கிற சாதாரண டிரெஸ்ஸிங் சில வாரம் தாங்கும், ஒழுங்காகப் பூசிய கோட்டிங் ஒரு வருஷம்கூட நிற்கும்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒன்று: முன்பக்கக் கறுப்புக்கு என்ன வேண்டுமானாலும் போடுங்கள், கால் வைக்கிற ஃபுட்போர்டில் மட்டும் எதையும் தேய்க்காதீர்கள், மழையில் செருப்பு வழுக்கிவிடும்.