மே மாதத்தில் முதல் அல்ட்ரா: பெயர் கொடுக்கலாமா?

[காட்சி: நாகர்கோவில், இருட்டு விலகாத சாலை]

மே மாதம், விடியற்காலை நாலரை மணி. வடசேரிப் பக்கம் டீக்கடை மட்டும் திறந்திருக்கிறது. இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை, அதற்குள் பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டது. இந்தப் பிசுபிசுப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டினாலே அல்ட்ரா. முதல் தடவை ஓடுகிறவர்கள் பெரும்பாலும் 50 கிலோமீட்டரைத்தான் எடுப்பார்கள். "கோடையில் ஒரு 50 கிலோமீட்டர் இருக்கு, பெயர் கொடுக்கட்டுமா?" என்று நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கேட்டால், "மனசுல உறுதி இருந்தா போதும்" என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதில் எனக்குப் பயத்தைத்தான் தருகிறது. உறுதி கூடியவர்தான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடுவார்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 50 கிலோமீட்டர் ஓடினால் 3,500 கலோரி. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் 580 கலோரி அளவுக்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால்தான். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

[காட்சி: முட்டம் கடற்கரை, காலை வெயில்]

நம் ஊர் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. திருநெல்வேலியை விட வெயில் குறைவுதானே என்று நினைப்போம். டிகிரி குறைவுதான். ஆனால் மூன்று பக்கக் கடலுக்குப் பக்கத்தில், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை எங்கே போய் ஆவியாகும்? விடியற்காலையில் வெயில் இல்லை, ஈரப்பதமோ உச்சத்தில் இருக்கும். சீக்கிரம் கிளம்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை.

காற்றையும் கவனியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியபின் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி நோக்கி ஓடினால் காற்று முதுகில் தள்ளும். சுகமாகத் தோன்றும். ஆனால் காற்றோடு சேர்ந்து நாமும் நகர்வதால் உடம்பின் மேல் காற்றோட்டம் குறைந்துவிடும். திரும்பி வரும்போது எதிர்க்காற்று கால்களைச் சோர வைக்கும், உடம்பைக் குளிர வைக்கும். இதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு பயிற்சி ஓட்டம். 32 கிலோமீட்டர் முடிந்திருந்தது, மணி ஒன்பது. அந்த வெயிலில் என் கைகளில் மயிர் சிலிர்த்தது, குளிர்வது போல இருந்தது. "இன்னும் கொஞ்ச தூரம்தாண்டா" என்று பைக்கில் கூட வந்த தம்பியிடம் சொன்னேன். "அண்ணே, நீங்க பேசறதே குழறுது, உக்காருங்க" என்று என்னைப் பிடித்துத் தென்னை நிழலில் உட்கார வைத்து, இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினான். நான் தெளிவாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெப்பத்தாக்கு இப்படித்தான் வரும். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முதலில் தடுமாறுவது மூளை. பேச்சு குழறினால், காரணமில்லாமல் கோபம் வந்தால், நடை தள்ளாடினால், அங்கேயே நிறுத்தி உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. அதைச் செய்துகொண்டே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம்.

[காட்சி: வீட்டுத் திண்ணை, எடை பார்க்கும் இயந்திரம்]

அப்புறம் தண்ணீர். ஒரு மணி நேரம் ஓடுங்கள். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு, இடையில் குடித்த தண்ணீரையும் சேர்த்தால் உங்கள் வியர்வைக் கணக்கு கிடைக்கும். மணிக்கு ஒன்றரை லிட்டர் போகிறவரால் அதே அளவு குடித்து ஈடுகட்ட முடியாது, வயிறு தாங்காது. அவருக்கு வழி வேகத்தைக் குறைப்பதுதான்.

ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதுவும் ஆபத்து. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, இறங்கிவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் பரிசோதிக்கப்பட்ட ஓட்டக்காரர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு அப்படி இறங்கியிருந்தது. நம் ஊரில் இளநீரை நம்பி ஓடுகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்: இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோரும் கஞ்சித்தண்ணியும் கூடவே வேண்டும். தின்பதற்கு மட்டி வாழைப்பழம் எனக்கு ஒத்துப்போகிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் ஓடாதீர்கள். வெப்பத்தில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெயில் பழக்கம்தானே என்று கேட்கலாம். பகல் முழுக்க ஏசி அறையில் வேலை பார்க்கும் உடம்புக்கு அந்தப் பழக்கம் இருக்காது. 10 முதல் 14 நாள், தினமும் ஒரு மணி நேரமாவது வெப்பத்தில் மெதுவாக ஓடினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். விட்டுவிட்டால் சில வாரங்களில் எல்லாம் பழையபடிதான்.

ஆகவே என் முடிவு இது. போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் 30 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். கடைசி ஒரு மணி நேரம் எட்டு மணி வெயிலில் வரட்டும். கடைசி ஐந்து கிலோமீட்டரிலும் கூட ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்ததா? குடித்தது வயிற்றில் தங்கியதா? மறுநாள் சிறுநீர் சாதாரண நிறத்தில் போனதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பெயர் கொடுங்கள், வழிநெடுக பைக்கில் ஒரு துணையோடு. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், முன்பு வெயிலில் மயங்கி விழுந்தவர்களும் முதலில் டாக்டரைப் பாருங்கள். போட்டிக்கு முந்தின வாரம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், கட்டின பணம் போனால் போகட்டும்.

ஒன்றுக்காவது இல்லை என்று பதில் வந்தால் இந்த மே மாதம் வேண்டாம். வடகிழக்கு மழை ஓய்ந்த ஜனவரியில் இதே சாலையில், இதே 50 கிலோமீட்டரை ஓடுவோம்.