டீ மேக்கரை அனுப்புங்கள், பேனரைப் பிறகு பார்க்கலாம்

வணக்கம். ஹட்டனிலிருந்து பேசுகிறேன். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மழை விடட்டும் என்று காத்திருந்தால் இந்த மாதம் காணொளியே எடுக்க முடியாது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சொந்தமாகத் தொழிற்சாலை வைத்து, தேயிலையைப் பொதியிட்டும் விற்கிற ஒரு சிறிய நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் பிரிவில் வேலை செய்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், நானும் ஒரு தங்கச்சியும்தான். மாநாடு, கண்காட்சி என்று வந்துவிட்டால் அனுசரணைக் கடிதத்தைப் படிப்பதிலிருந்து கேத்தலுக்கு நீளமான வயர் தேடுவது வரை எங்கள் தலையில்தான் விழும். மலையகத்தில் இப்போது சின்னச் சின்ன நிறுவனங்கள் நிறைய வந்துவிட்டன. எல்லோருக்கும் அனுசரணைக் கடிதம் வருகிறது. எல்லோரும் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: எந்தத் தொகுதியை எடுப்பது?

நான் திருப்பிக் கேட்பது வேறு கேள்வி. ஸ்டாலில் யார் நிற்கப்போகிறார்கள்? அதற்குப் பதில் இல்லையென்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.

கடிதம் எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று அனுசரணைத் தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, விலைக்குக் கீழே ஒரு பட்டியல். மேடைப் பதாகையில் இலச்சினை, பையில் இலச்சினை, கழுத்து நாடாவில் இலச்சினை, சிறப்பு மலரில் முழுப்பக்க விளம்பரம், இத்தனை நுழைவு அட்டைகள், ஒரு ஸ்டால். பணிப்பாளர்கள் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படிப்பார்கள். நான் கீழிருந்து மேலே படிப்பேன். ஏற்கெனவே பெயர் தெரிந்த நிறுவனத்துக்குத்தான் இலச்சினை வேலை செய்யும். நம்மைக் கேள்விப்படாதவர் அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுபோய் மரக்கறி வாங்கப் பயன்படுத்துவார். ஆகவே ஸ்டால் எங்கே இருக்கிறது, எத்தனை நுழைவு அட்டை, மேடையில் பேச இடம் உண்டா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். பேச்சுக்குத் தருகிற நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய முதல் அமர்வு என்றால் கூசாமல் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பாதி மண்டபம் தூங்கும்.

தேயிலைக்காரர்களுக்கு இன்னொரு ஆசை காட்டுவார்கள்: தேநீர் இடைவேளைக்கு அனுசரணை. கேட்கும்போது நமக்காகவே எழுதியது போல இருக்கும். கையெழுத்திடுவதற்கு முன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். முதலாவது, பெரிய ஹோட்டல்களுக்குத் தேயிலை கொடுக்க ஏற்கெனவே ஒரு நிறுவனம் ஒப்பந்தம் வைத்திருக்கும். உங்கள் பெயர்ப் பலகைக்குக் கீழே வேறொருவரின் தேயிலை ஊறிக்கொண்டிருக்கலாம். உங்கள் தேயிலைதான் பரிமாறப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது, அதைவிட மோசமானது. உங்கள் தேயிலையையே அண்டாவில் கொட்டி, இடைவேளைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே கொதிக்க விட்டுவிடுவார்கள். நுவரெலியாவின் மெல்லிய பி.ஓ.பி. தேயிலை, அதாவது உடைத்த இலைத் தரம், அந்த அண்டாவிலிருந்து வரும்போது கஷாயம். அந்தக் கஷாயத்தைத் தேயிலைத் தொழிலில் உள்ள அத்தனை பேரும் உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டே குடிப்பார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் நேரம் பார்த்து நிற்க முடியும் என்றால் எடுங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு பேரை மாநாட்டுக்கு அழைத்துப் போகலாம்.

யாரை அழைத்துப் போவது? என் பதில் டீ மேக்கர். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுவதிலிருந்து தரம் பிரிப்பது வரை பொறுப்பாக இருக்கிறாரே, அவர்தான்.

காரணம் இருக்கிறது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியது. அன்றிலிருந்து வாங்குபவர்களும் தரகர்களும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து விலை கூறி வந்தார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, ஏலம் இணையத்துக்கு மாறியது. இப்போது எல்லாம் திரையில்தான். எங்களைப் போன்றவர்களின் தேயிலையில் பெரும்பகுதி தரகர் வழியாக அந்த ஏலத்துக்குத்தான் போகிறது. வாங்கும் நிறுவனத்தின் சுவைஞருக்குத் தெரிவது தோட்டத்தின் மார்க்கும் (ஏலத்தில் அதன் விற்பனைப் பெயர்), மாதிரிப் பொட்டலத்தில் இருக்கிற தேயிலையும் மட்டும்தான். அதைச் செய்த மனிதரை அவர் பார்த்திருக்கவே மாட்டார். அந்தச் சுவைஞரும் நம் டீ மேக்கரும் ஒரே மேசையில் கோப்பையோடு நிற்கக் கிடைக்கிற இடம் மாநாடு ஒன்றுதான். அங்கே போய் என்னைப் போன்ற ஒருத்தி துண்டுப் பிரசுரம் நீட்டினால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் டீ மேக்கரை அனுப்பத் தொழிற்சாலை இலேசில் சம்மதிக்காது. இங்கேதான் நாட்காட்டி வருகிறது. டிம்புள பக்கத்தில், அதாவது ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில், ஜனவரியிலிருந்து மார்ச் வரை தரமான தேயிலைக் காலம். குளிர்ந்த வறண்ட காற்று வீசுகிற அந்தக் கிழமைகளில் செய்கிற தேயிலைக்குத்தான் நல்ல விலை. அப்போது டீ மேக்கரைக் கொழும்புக்கு அனுப்பு என்று கேட்டால் முகாமையாளர் உங்களைத்தான் மலையிலிருந்து இறக்கிவிடுவார். துபாயில் நடக்கிற கல்ஃபுட் கண்காட்சி ஆண்டின் தொடக்கத்தில் வருவதால் எங்கள் பக்கத்தவர்களுக்கு அது எப்போதும் இடைஞ்சல்தான். ஊவாக்காரர்கள் இந்த விடயத்தில் அதிர்ஷ்டசாலிகள். பண்டாரவளை, பதுளைப் பக்கத்துத் தரக் காலம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. ஐரோப்பாவின் பெரிய உணவுக் கண்காட்சிகள் இரண்டும் ஒக்டோபரில் வருகின்றன: ஒற்றைப்படை ஆண்டில் ஜேர்மனியின் கொலோன் நகரில் அனுகா, இரட்டைப்படை ஆண்டில் பாரிஸில் சியால். புதுத் தேயிலையும் கையில், டீ மேக்கருக்கும் ஓய்வு. வெளிநாட்டுக் கண்காட்சி என்றால் தனியாக ஸ்டால் எடுக்கப் போகாதீர்கள். தேயிலைச் சபையும் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையும் இலங்கைக்கென்று கூடம் எடுக்கும்போது அதற்குள் இடம் கேளுங்கள்.

உள்நாட்டிலும் நாள் பார்க்க வேண்டும். ஏப்ரலில் நுவரெலியாவில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்டுத் தலை சுற்றும். கண்டியில் பெரஹெரா நடக்கும் நாட்களிலும் அதே கதை. தீபாவளிக்கு முதல் நாள் முடிகிற மாநாட்டுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளை அனுப்பி, இரவு பஸ்ஸில் நின்றுகொண்டு வரச் சொல்வது நியாயமில்லை. ஏற்பாட்டாளர் பௌர்ணமி விடுமுறையைப் பார்ப்பார். தீபாவளியை நாம்தான் பார்க்க வேண்டும்.

இனி ஸ்டால். வழக்கமான சின்ன ஸ்டால் மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர். அதில் மேசை, கேத்தல், கோப்பைகள் போனால் இரண்டு பேருக்கு மேல் நிற்க இடமில்லை. ஐந்து பேரை நிறுத்தினால் வருகிறவர் ஏதோ கூட்டம் நடக்கிறது என்று ஒதுங்கிப் போவார். எங்கள் முறை இதுதான்: உள்ளே இரண்டு பேர், வெளியே ஒருவர். உள்ளே டீ மேக்கரும், விலை பேசி முடிவு சொல்லக்கூடிய ஒருவரும். வெளியே நிற்பவர் மற்ற ஸ்டால்களைச் சுற்றி, அமர்வுகளில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து ஒருவரை விடுவிப்பார். மூவரில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொருவரிடமும் மூன்றும் இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் சரளமாக வராது என்பதற்காக டீ மேக்கரை விட்டுவிட்டு, ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவரை நிறுத்துகிறார்கள். "இதை எந்த உயரத்தில் செய்தீர்கள், எவ்வளவு நேரம் வாட்டினீர்கள்?" என்று யாராவது கேட்டால் அந்த ஆங்கிலம் அங்கேயே நின்றுவிடும்.

நான் கோபப்படுகிற ஒரு விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாள் கூலிக்கு அழகான இளம்பெண்களைப் பிடித்து, தேயிலை பறிக்கிற பெண்ணைப் போல வேடம் போட்டு ஸ்டால் வாசலில் நிறுத்துவார்கள். கூடையைத் தோளில் தொங்கவிட்டிருப்பார்கள். கூடைக் கயிறு தலையில் ஏறும் என்பதுகூட அங்கே ஒருவருக்கும் தெரியாது. வெளிநாட்டுக்காரர் வந்து, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பறிப்பாய், எவ்வளவு சம்பளம் என்று கேட்பார். கேட்கத்தான் செய்வார், இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? உண்மையிலேயே கொழுந்து பறிப்பவர் அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தால், தோட்டத்திலிருந்து ஒரு அக்காவை அழைத்து வாருங்கள். அன்றைய சம்பளம், பயணப்படி, தங்குமிடம் எல்லாம் கொடுங்கள். நிற்க வைக்காமல் நாற்காலி போட்டுப் பேச விடுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். சம்பளக் கேள்விக்கு ஸ்டாலில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் சரியான பதில் இருக்க வேண்டும். நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் வர்த்தமானியில் வந்தது. புறப்படுகிற கிழமையில் என்ன நிலவரம் என்று பார்த்துக்கொண்டு போங்கள். மழுப்பினால் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும்.

சிங்க இலச்சினையும் அப்படித்தான். பொதியில் அந்தச் சிங்கம் இருந்தால் உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, பொதியிட்டதும் இலங்கையில். அதன் உரிமை தேயிலைச் சபையிடம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் போட முடியாது. இதை மூன்று மொழியிலும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிய வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகை. அதே தேயிலை, அதே அளவு, அதே நேரம், ஆனால் கீழே இறங்கினால் சாயம் இன்னும் கடுமையாக இறங்கும். தொழிற்சாலையில் சுவைத்துப் பழகியவர் கொழும்பில் முதல் கோப்பையைக் குடித்துவிட்டு, இது நம் தேயிலைதானா என்று என்னைப் பார்ப்பார். சுண்ணாம்பு அதிகமுள்ள தண்ணீர் என்றால் இன்னும் சங்கடம், சாயம் மங்கி மேலே ஆடை படரும். சுவை பார்ப்பதற்கான சர்வதேசத் தரமுறை 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், ஆறு நிமிடம். அதை அப்படியே பிடித்துக்கொண்டு, மாநாட்டுக்கு முதல் நாளே அந்த மண்டபத்துத் தண்ணீரிலும், கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரிலும் போட்டுப் பாருங்கள். எது நன்றாக வருகிறதோ அதை வாங்கி அடுக்குங்கள். மின்சாரத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். ஸ்டாலோடு தருகிற இணைப்பு விளக்குக்கும் மடிக்கணினிக்கும் போதும். கேத்தல் இரண்டை ஒரே நேரத்தில் போட்டால் பக்கத்து ஸ்டாலும் சேர்ந்து இருட்டாகும். ஊறிய தேயிலையைக் கொட்ட மூடியுள்ள வாளி ஒன்று. இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

பயணம்: காலையில் புறப்பட்டுப் போய் நிற்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். மழைக்காலத்தில் கினிகத்தேனை, கித்துல்கலை வழியில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. முதல் நாள் பகலிலேயே இறங்குங்கள். செலவுக் காசை முன்கூட்டியே கையில் கொடுங்கள். பில் கொண்டுவா, பிறகு தருகிறோம் என்பது மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர்களிடம் சொல்கிற பேச்சல்ல. ஞாயிற்றுக்கிழமை நின்றால் பதிலுக்கு ஒரு நாள் விடுமுறை, அதையும் போவதற்கு முன்பே எழுதிக்கொடுங்கள்.

பெயர் அட்டைகள் விடயத்தில் சுருக்கமாக. அன்றன்று இரவே உட்கார்ந்து, யார் என்ன கேட்டார் என்று அட்டைக்குப் பின்னாலேயே எழுதுங்கள். மாதிரி கேட்டவருக்கு அந்தக் கிழமையே அனுப்புங்கள். கேட்காமல் யாரையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதைவிட முக்கியமாக, எரிச்சலடைந்தவர் தேயிலை வாங்க மாட்டார்.

கண்டியில் மென்பொருள் நிறுவனம் வைத்திருக்கிற ஒரு தம்பி, இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா அக்கா என்று கேட்டிருந்தார். தண்ணீரைத் தவிர எல்லாம் பொருந்தும் தம்பி. நிரலை எழுதிய ஆளை நிறுத்துங்கள்.

கடைசியாக, அடுத்த ஆண்டும் போவதா என்று முடிவெடுக்கிற கூட்டம். அதில் கிடைத்த ஓர்டர்களை மட்டும் எண்ணுவார்கள். டீ மேக்கரையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். சுவைஞர் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சாயம் நன்றாக இருக்கிறது, ஆனால் இலேசாகக் கருகல் வாடை வருகிறது என்று அவரிடம்தான் சொல்லியிருப்பார். என்னிடம் சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். அவர் அன்று மாலையே தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்து, உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டைப் பார்க்கச் சொல்லிவிடுவார். அடுத்த ஏலத்தில் விலை எப்படி வந்தது என்பதையும் அந்தக் கூட்டத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த காணொளியில் மாதிரிப் பொட்டலம் கட்டுவதைக் காட்டுகிறேன். போய் வருகிறேன்.