ஆதார் படமும் நடுகல்லும்

(தர்மபுரியில் உலக ஒளிப்பட நாள் கூட்டத்தில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அய்யா அவர்களே, முன்னிலை வகிக்கும் வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, போன வருஷம் என் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இன்று அதே கையால் பொன்னாடை போர்த்திய வங்கி மேலாளர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பெரியவர் அவர்களே, மூத்த ஒளிப்படக் கலைஞர்களே, மைக்கைப் பற்றி என்னைவிடக் கவலைப்படும் சவுண்ட் சர்வீஸ் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். ஒருவரை விட்டுவிட்டேன். காலையிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள். பாதி நாற்காலி காலி. வராதவர்கள் கல்யாண மண்டபத்தில் நாலு காசு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பிடிக்கும் டாகரோடைப் முறையைப் பிரெஞ்சு அரசு உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. அதனால்தான் இந்த நாள். 'இலவசம்' என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாலக்கோட்டில் நான் ஸ்டுடியோ திறந்து ஒரு வருஷம் ஆகிறது. முதல் வருஷ அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். முதல் போடுவது, விலை வைப்பது, ஆடியைத் தாண்டுவது என்று மூன்று விஷயம் குறித்து வந்திருக்கிறேன்.

முதல் போட்ட கதை சின்னது. சிறு தொழிலுக்கு அரசு வைத்த முத்ரா திட்டத்தில் சிசு கடன் 50,000 ரூபாய், மீதிக்கு வீட்டு நகை. கைமாறிய கேமரா பாடி ஒன்று, 50 எம்.எம். லென்ஸ் ஒன்று, ஃபிளாஷ் ஒன்று, மெமரி கார்டும் ஒன்று. இரண்டாவது கார்டு வாங்கு என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் காசில் ஷட்டரில் பெயர் எழுதினேன். 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?' என்று எங்கள் அப்பா அடிக்கடி கேட்பார். வெளிச்சத்தை நம்பிப் பிழைக்கிற நமக்கென்றே சொன்ன பழமொழி அது.

விலை வைப்பதைப் பற்றி நிறைய இருக்கிறது. 'நம்ம சொந்தம்தானே' என்று ஆரம்பிக்கிற ஆர்டரில் அட்வான்ஸ் வாங்காமல் ஆல்பத்தில் கை வைக்காதீர்கள். மீதியை அப்புறம் சொல்கிறேன்.

ஆடிக்கு வருகிறேன். முகூர்த்தம் கிடையாது. பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கலில் கூட்டம் நெருக்கும், ஆனால் எல்லோர் கையிலும் செல்போன். சும்மா இருக்கிறோமே என்று ஆர்டர் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். கல்யாணம் 11, மஞ்சள் நீராட்டு 9, காது குத்து 6. இறந்தவர் படத்தைப் பெரிது பண்ணிக் கொடுத்தது 43. பெரும்பாலும் ஆதார் அட்டைப் படம். கருவிழியும் கைரேகையும் பதிகிற அவசரத்தில், ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி பிடித்த முகம். தபால் தலை அளவு இருப்பதைப் பன்னிரண்டுக்குப் பதினைந்து ஆக்கி மாலை போடுகிறோம்.

பங்குனியில் ஒரு நாள் விடியற்காலை நாலரைக்கு ஷட்டரைத் தட்டினார்கள். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறவர், இரண்டு தங்கைகளோடு. அம்மா ராத்திரி போய்விட்டார், பத்து மணிக்கு எடுக்கிறார்கள், அதற்குள் படம் வேண்டும். ஆதார் அட்டை டிரங்குப் பெட்டியில், பெட்டிச் சாவி எங்கே என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். செல்போனில் ஒரு கல்யாணப் படம் இருந்தது. அதில் அம்மா கடைசி வரிசையில், ஒருவர் தலைக்கும் இன்னொருவர் துண்டுக்கும் நடுவில், முக்கால் முகம். சரி என்று வெட்டி எடுத்தேன். 'அண்ணா, அம்மாவுக்கு மூக்குத்தி ரெண்டு பக்கமும் இருக்கும்' என்றார் பெரிய தங்கை. போட்டேன். 'பச்சைப் பட்டு கட்டிவிடுங்கண்ணா' என்றார் சின்னவர். கட்டினேன். மாமா ஒருவர் வந்து, 'எங்க அக்கா இவ்வளவு கறுப்பு இல்லையே' என்றார். வெளுத்தேன். தலைக்குப் பின்னால் நீல வானம் கேட்டார்கள், அதையும் வைத்தேன். எட்டு மணிக்குப் பிரிண்ட் வந்தது. கூட வந்திருந்த பேத்தி, ஐந்து வயசு இருக்கும், எட்டிப் பார்த்து, 'இது எந்த ஊரு சாமி?' என்றாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அவர்களும் அழுகையோடு சிரித்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த முக்கால் முகத்தையே கொடுத்தனுப்பினேன்.

அவர்கள் போன பிறகு செல்போன் படத்தை மறுபடி பார்த்தேன். பின்னால் தெரிந்த மேடை எனக்குத் தெரிந்த மேடை. தை மாதம் நான் வேலை பார்த்த கல்யாணம். அந்த அம்மாவையும் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். லைட் பார்க்க அவரைத்தான் முதலில் எடுத்தேன். 'என்னை எதுக்குக் கண்ணு எடுக்கிற?' என்று சிரித்தார். முழு முகம். தாலி கட்டுகிற நேரத்துக்குக் கார்டு நிறைந்துவிட்டது, டெஸ்ட் படம்தானே என்று அழித்தேன். ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுத் தேடினேன். அந்தக் கார்டில் அதற்குள் நாலு விசேஷம் ஏறியாகிவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த அம்மாவின் மகனிடம் இதைச் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. மாடு மீட்கப் போய் அம்பு பட்டுச் செத்தவனுக்குக் கல்லில் உருவம் வெட்டி, எந்த அரசன் காலம், எவன் சேவகன், எந்தத் தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்டுப் பட்டான் என்று எழுதி வைத்தவர்கள் நம் ஆட்கள். இந்த ஊரின் முதல் ஸ்டுடியோக்காரர்கள் அவர்கள்தான் என்பேன், யார் மறுத்தாலும் சரி. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்றில் நாய்க்கே உருவம் உண்டு. கள்ளரைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் வெட்டியிருக்கிறார்கள். 1,400 வருஷத்துக்கு முந்தைய நாய்க்கு முகம் இருக்கிறது. நேற்று இறந்த அம்மாவுக்கு முக்கால் முகம்.

ஆகையால் என் கோரிக்கை. வருகிற மார்கழியில் ஒவ்வொரு ஸ்டுடியோவும் ஒரு ஊரை எடுத்துக்கொள்ள வேண்டும். 60 வயசு தாண்டியவர்களை அவரவர் திண்ணையிலேயே படம் எடுத்து, ஆளுக்கு ஒரு பிரிண்ட் இலவசமாகக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது கணக்கில் சேராது. பேப்பரில் வேண்டும்.

இந்த ஆடியில் பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் செய்து பார்த்தேன். 'போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்' என்று ஒரு தாத்தா எழுந்து போய்விட்டார். 'சாவுக்கு எடுக்க வந்தியா?' என்று ஒரு பாட்டி நேராகவே கேட்டார். மறுநாள் பேரப்பிள்ளைகளை முதலில் நிற்க வைத்தேன். பெரியவர்கள் தாமாகவே தலை வாரிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எழுந்து போன தாத்தா சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார், பட்டன் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. சரி பண்ணச் சொல்லவில்லை, அப்படியே எடுத்தேன்.

பிரிண்ட் செலவுக்கு வணிகர் சங்கச் செயலாளர் அவர்கள் கைகொடுக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்கிறேன். சிரிக்கிறார். சம்மதம் என்றே நோட்டில் எழுதிக்கொள்கிறேன். அந்த நோட்டு வாசலில் டீ மேஜை மேல் இருக்கும், எந்த ஊர் உங்களுக்கு என்று எழுதிவிட்டுப் போங்கள். தலைவர் அய்யா கடிகாரத்தைக் காட்டுகிறார். விலை வைப்பதைச் சொல்லவே இல்லை, அதை டீ குடிக்கும்போது கேளுங்கள். நன்றி, வணக்கம்.