யாருடைய முழம்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எட்டு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், அதனால் வணக்கத்தை இத்தோடு முடிக்கிறேன்.

அன்றாட வாழ்வுக்கு உகந்தது மெட்ரிக் அளவா, மரபு அளவா என்பது தலைப்பு. நான் மெட்ரிக் அணி. தலைப்புக்கு அப்புறம் வருகிறேன். முதலில், எனக்கு முன்னால் பேசிய அக்காவுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. "பூக்காரம்மாவிடம் போய் 45 சென்டிமீட்டர் மல்லிகை கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார்" என்றார். அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன், நன்றாகத்தான் சொன்னார்.

ஆனால் அக்கா, முழம் என்றால் என்ன? முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. சரி. யாருடைய முழங்கை?

எங்கள் ஊர்க் கோயில் வாசலில் இரண்டு பூக்கடை. தெற்குப் பக்கம் உட்காருகிற அம்மா நல்ல உயரம், கையும் நீளம். வடக்குப் பக்கத்து அம்மா குட்டை. இரண்டு பேரிடமும் முழம் இருபது ரூபாய். என் அம்மா எந்தக் கடைக்குப் போவார்? என் அம்மா மட்டுமா, தெருவே தெற்குக் கடைக்குத்தான் போகும். வடக்கு அம்மா பாவம், "வாங்க, நான் முழத்துக்கு மேல ரெண்டு விரல் சேத்துத் தரேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை தெற்குக் கடையில் அந்த அம்மா இல்லை. காய்ச்சல். அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள், பத்தாவது படிக்கிற பிள்ளை. இரண்டு முழம் அளந்து, வாழைநாரை அறுத்துக் கொடுத்தாள். என் அம்மா சரத்தைத் தன் கையில் வைத்துப் பார்த்தார். நடுவிரலைத் தொடவில்லை, உள்ளங்கையோடு நின்றுவிட்டது. "என்னடி இது, உங்கம்மா முழம் இல்லையே?" என்றார். அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது:

"அத்தை, இது என் முழம்."

கேட்டீர்களா? இது என் முழம்! அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. அது கை அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரு முழம், மகளுக்கு ஒரு முழம், வடக்குக் கடைக்கு ஒரு முழம். முகூர்த்த நாளில் பூ விலை ஏறினால் விரலை மடக்கி அளக்கிற முழம் இன்னொன்று. தெற்கு அம்மா கை நீளத்தால் அதே காசுக்குக் கூடுதல் பூ கொடுத்து நட்டப்படுகிறார். வடக்கு அம்மா கை குட்டையாய்ப் பிறந்ததற்காக வியாபாரத்தை இழக்கிறார். முழத்தில் அழகு இருக்கிறது என்று சொன்னீர்கள் அக்கா. அந்த இரண்டு பெண்களும் சாயங்காலம் கூடையில் காசை எண்ணும்போது அந்த அழகு எங்கே இருந்தது?

முழத்தை விடுங்கள், வீசை எந்த வீசை? நாற்பது பலம் கொண்ட நம் வீசை சுமார் 1,400 கிராம். அதே சொல் கப்பலேறி பர்மாவுக்குப் போனது. அங்கே இன்றைக்கும் ஒரு வீசை சுமார் 1,630 கிராம். படியோ, ஊருக்கு ஒரு படி. இப்படி நாடு முழுக்க எத்தனை எத்தனையோ அளவுகள் கிடந்த நிலையில்தான் 1956-இல் எடை, அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி பதினாறு அணா ரூபாய் நூறு பைசா ஆனது. 1958 அக்டோபரில் கிலோ வரத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். இதை நான் பெரிய சாதனை என்றே சொல்வேன்.

"பவுன் இன்னும் பவுன்தானே?" என்று கேட்டார்கள். பெயர்தான் பவுன். இங்கிலாந்துத் தங்க நாணயம் எட்டு கிராமுக்கு ஒரு துளி குறைவு. நம் நகைக்கடைப் பவுன் சரியாக 8 கிராம். பெயரை வைத்துக்கொண்டு எடையை மெட்ரிக்குக்குக் கொடுத்துவிட்டோம்.

நிலம் செண்டில்தானே இருக்கிறது என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன், அது எனக்கு வருத்தம்தான். பட்டாவில் ஹெக்டேர், ஏர். நூறு சதுர மீட்டர் ஒரு ஏர். தரகர் வாயில் செண்ட். பட்டாவில் 12.50 ஏர் என்று இருந்தால் கிட்டத்தட்ட 30.9 செண்ட். "முப்பது செண்டுங்க" என்று தரகர் பேசி முடித்தால், விற்கிறவர் கையை விட்டுப் போவது சுமார் 387 சதுர அடி. ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் போய்விட்டது.

எல்லோருக்கும் ஒரே அளவு வைத்து அளப்பது வெள்ளைக்காரன் புத்தி என்றும் ஒருவர் சொன்னார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். நெல் அளக்க 'ஆடவல்லான்' என்று ஒரு மரக்கால், பொன் நிறுக்க 'ஆடவல்லான்' என்று ஒரு கல். ஆளுக்கொரு மரக்கால் இருந்தால் கொடுத்த நெல் கோயிலுக்கு ஒழுங்காய்ப் போய்ச் சேராது என்று ராஜராஜன் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாய் ஓர் அளவு வேண்டும் என்பது நம் தாத்தன் பாட்டன் ஆசை ஐயா.

மணி அடித்துவிட்டீர்கள். இன்னும் ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

என் அப்பாயி, அப்பாவின் அம்மா, வயலில் நடவு நட்டவர். பெரிய வீட்டில் கூலி, நாளைக்கு நாலு படி நெல். அந்த வீட்டில் இரண்டு படி இருந்தது. குத்தகை நெல்லை வாங்குகிற படி ஒன்று, தலை குவித்து அளப்பார்கள். கூலி கொடுக்கிற படி இன்னொன்று, தலையைக் கோலால் வழித்து அளப்பார்கள். அந்தக் கூலிப்படியின் அடி வெளியிலிருந்து உள்ளே தட்டப்பட்டிருந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கையை விட்டுத் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். அதைத் தடவிப் பார்க்கிற தைரியம் அன்றைக்கு யாருக்கு இருந்தது?

எட்டு ஆழாக்கு ஒரு படி. அந்தப் படியில் ஏழுதான் கொள்ளும். நாலு படிக்கு நாலு ஆழாக்கு, அதாவது தினம் அரைப்படி. அரைப்படி நெல் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரைப்படி கூட்டிக் கேட்ட கூலிப் போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள்.

கிலோவில் ஏமாற்ற முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா, தேதி தாண்டிவிட்டதா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். அந்தப் படியைப் பற்றி அப்பாயி யாரிடம் போய்ச் சொல்வார்?

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பாயியோடு ரேஷன் கடைக்குப் போனேன். தராசில் இரும்புக்கல் வைத்தார்கள். "அதுல என்னடா எழுதியிருக்கு?" என்றார். "ரெண்டு கிலோ அப்பாயி." "எல்லா ஊர்லயும் இதே கனம்தானா?" "ஆமா." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குனிந்து, என் காதில் மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"பெரிய வீட்டுலயும் இதே கல்லுதானா?"

"ஆமா அப்பாயி" என்றேன். அரிசிப் பையை என்னிடம் தராமல் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்.

பல வருடம் கழித்து அந்த வீட்டைப் பிரித்துச் சாமான்களை விற்றார்கள். பழைய இரும்புக் கடையில் அந்தப் படி கிடந்தது. அப்பாயி பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். கிலோக் கணக்கில் நிறுத்து, காசு கொடுத்து வாங்கி வந்து, சாகும்வரை தன் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

இதோ, கொண்டு வந்திருக்கிறேன். நடுவர் ஐயா, உங்கள் மேசையில் வைக்கிறேன். தீர்ப்பு எழுதும் முன்னால், கையை உள்ளே விட்டு அடியை ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

வணக்கம்.