ஏலத்தில் எடுத்த பூசணிக்காய்

நேயர்களுக்கு வணக்கம். நான் போதகர் இல்லைங்க. திருப்பூரில் இருபது வருஷம், கம்பெனிகளுக்குக் கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட் நடத்தியவன், ஞாயிற்றுக்கிழமையானால் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவன். நம் நடத்தை அடுத்தவருடைய விசுவாசத்தை என்ன செய்கிறது என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு பூசணிக்காய்தான் ஞாபகத்துக்கு வந்தது.

2011 ஜனவரி கடைசி. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடிவிட்டார்கள். சாயம் போட வழியில்லாமல் துணி வரவில்லை. என்னிடம் இருந்த பன்னிரண்டு பவர் டேபிள் தையல் மிஷினில் பாதி நின்றுபோனது. முடித்துக் கொடுத்த பீஸுக்கும் பில் பணம் இழுத்தது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்துக்கு நின்றவர்களிடம், "இப்போதைக்குப் பாதி வாங்கிக்குங்க, மீதி அடுத்த வாரம்" என்றேன்.

துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்கு ஒரு அம்மா இருந்தார். வாரம் ஒன்பது ஷிப்ட், ஒரு நாள் தவறமாட்டார். கவரில் இருந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு, என் மேசைக்குப் பின்னால் தொங்கிய வசனக் காலண்டரை நிமிர்ந்து பார்த்தார். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.' ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம் அவருடையது. "எங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகை, பையனைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று நான்தான் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் வந்தும்விட்டார்.

ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த விளைச்சலை வேப்பமரத்தடியில் ஏலம் விட்டார்கள், பணம் சர்ச்சுக்கு. வாழைத்தார், சேவல், தேங்காய்க் குலை, யாரோ தோட்டத்து மஞ்சள். ஒரு பூசணிக்காய்க்கு மட்டும் எனக்கும் இன்னொரு யூனிட்காரருக்கும் போட்டி வந்துவிட்டது. ஐந்நூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு என்று ஏறி, இரண்டாயிரத்தில் நான் எடுத்தேன். நல்ல கைதட்டல். காயைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பினால், சுவரோரம் பையனோடு அந்த அம்மா நிற்கிறார்.

அடுத்த சனிக்கிழமை மீதிச் சம்பளத்தை நீட்டியபோது, "லேட்டாயிருச்சுங்கம்மா" என்றேன். "பரவால்லீங்ணா, சாமிக்குக் குடுத்தது போகத்தானுங்களே எங்களுக்கு" என்றார்.

குத்திக்காட்டவில்லைங்க. குத்திக்காட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அவர் மனதாரத்தான் சொன்னார். உங்கள் சாமி இப்படித்தான் கணக்குப் பார்க்கும்போல என்று எடுத்துக்கொண்டார். பைபிளில் ஒரு பக்கம்கூட வாசிக்காதவருக்கு, தேவன் எப்படிப்பட்டவர் என்று நான் நடத்திய முதல் பாடம் அது. அந்தப் பாடம் சுத்தப் பொய்.

அன்று ராத்திரி யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் கண்ணில் பட்டது. "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." அறுப்பின் பண்டிகையில் எத்தனையோ வசனம் வாசிக்கிறோம், இதை வாசித்து நான் கேட்டதே இல்லை. லேவியராகமம் இன்னும் கறார்: கூலிக்காரன் கூலி விடியும்வரைகூட உன்னிடம் இருக்கக் கூடாது. நான் வைத்திருந்ததோ ஏழு நாள்.

அடுத்தவர் விசுவாசத்தில் தடுக்கி விழ நாம் காரணமாவதற்கு 'இடறல்' என்று நம் பைபிளில் ஒரு சொல் வருகிறது அல்லவா, அதற்குக் கிரேக்கத்தில் ஸ்கண்டலோன். பொறியில் இரையை மாட்டி வைக்கிற குச்சிக்கு அந்தப் பெயர் என்பார்கள். எலி வந்து தொட்டதும் பொறி விழுமே, அந்தக் குச்சி. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்கிறார் இயேசு. நம் வீட்டுத் திருகைக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். கழுதையைப் பூட்டிச் சுற்றவைக்கிற ஆலைக்கல். இவ்வளவு கடுமையாக அவர் பேசியது கொஞ்சம் இடங்களில்தான்.

ஆனால் இந்தச் சொல்லை நாம் எங்கே பயன்படுத்துகிறோம்? ஒரு பெண் மல்லிகைப்பூ வைத்தால் இடறல், வளையல் போட்டால் இடறல். கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் அப்போஸ்தலன் பவுல் சொன்னது வேறு. கொரிந்து ஊர்க் கடைகளில் விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சி விற்றார்கள். தின்னலாமா கூடாதா என்று சபைக்குள் சண்டை. விக்கிரகம் ஒன்றுமில்லை, தின்பதால் குறையுமில்லை என்று பவுலுக்குத் தெரியும். ஆனாலும் என் சகோதரன் இடறுவான் என்றால் என்றைக்கும் இறைச்சி தொடமாட்டேன் என்றார். தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறார், அடுத்தவர் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. இடறல் என்பது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பக்கத்து பெஞ்சில் இருப்பவரை அடிக்கிற பிரம்பு இல்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. சபைக்குள் ஒரு பணத் தப்போ அதைவிட மோசமானதோ நடந்துவிட்டால், "வெளியே சொல்லாதீங்க, சாட்சி கெட்டுப்போயிரும்" என்பார்கள். சாட்சி என்றால் நம் விசுவாசத்துக்கு நம் வாழ்க்கை தருகிற அத்தாட்சி. அது கெட்டது தப்பு நடந்த அன்றைக்கே. மூடி வைப்பது இரண்டாவது இடறல், முதலாவதைவிடப் பெரியது. பாதிக்கப்பட்டவர் அப்புறம் சர்ச் வாசற்படி மிதிக்கவில்லை என்றால், விசுவாசம் போதவில்லை என்று அவர் மேலேயே பழி போட்டுவிடுகிறோம்.

ஜனங்கள் மனதில் நிற்பது பேச்சா, நடத்தையா? நம் பக்கத்துக்கு வந்த மிஷனரிகளையே பாருங்கள். கோயம்புத்தூருக்கு லண்டன் மிஷனைச் சேர்ந்த அடிஸ் வந்தது 1830இல். ஈரோட்டில் பிரப் சாலை என்றால் இன்றைக்கும் ஆட்டோக்காரர் வழி கேட்கமாட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி பிரப் ஐயர் பெயர் அது. அவர் செய்த பிரசங்கம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று அந்தச் சாலையில் நின்று கேட்டால் யார் சொல்வார்கள்? மிஷன் பள்ளிக்கூடத்தில் தாத்தா படித்த கதையைச் சொல்ல ஆள் இருப்பார்கள்.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பைபிளில் வருகிற வரி வசூல்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். எனக்கு அவ்வளவு துணிச்சல் வரவில்லை. அந்த வாரமே எல்லோரையும் உட்காரவைத்து, "ஏலத்துல போட்ட பணம் உங்க பணம். நான் செஞ்சது தப்பு, சாமி அப்படிக் கேக்கலை" என்று சொன்னேன். அதற்கப்புறம் யூனிட் மூடும்வரை சனிக்கிழமை ஆறு மணிக்குள் முழுச் சம்பளம். இரண்டு தடவை வீட்டு நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தேன்.

அந்த அம்மா இன்னும் நாலு வருஷம் என்னிடம் வேலை பார்த்தார். என் மகள் கல்யாணத்துக்குச் சர்ச்சுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறுப்பின் பண்டிகைக்கு மட்டும் மறுபடி நான் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லைங்க.